கீழ்மூலை

"அந்தக் கொடி நூலகத்துல தொங்கக் கூடாது."

சந்திரகலா சொன்னதும் கிராம சபையில் முணுமுணுப்பு கிளம்பியது.

பெரிய வீட்டு அம்மா அவர். கவரைப்பேட்டைக்கு மேற்கே இன்றைக்கும் பாதி நெல்வயல் அவர்களுடையது. ஐம்பது வருஷத்துக்கு முன்னால், கூலி உயர்வு கேட்டு அந்த வயலில்தான் இந்தச் சிவப்புக் கொடியை நட்டார்கள். முப்பது நாள் யாரும் அறுப்புக்கு இறங்கவில்லை. கதிர் முற்றி மண்ணில் உதிர்ந்தது. கடைசியில் சந்திரகலாவின் கணவர் பணிந்தார். கூலி உயர்ந்தது.

கொடி நட்டவர் ராஜமாணிக்கம். அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியில் கிடந்ததை மகன் லோகு எடுத்து வந்திருந்தான். கும்மிடிப்பூண்டி கம்பெனியிலிருந்து யூனிபாரத்தோடு நேரே சபைக்கு வந்திருந்தான்.

"உயிரோட இருந்தவரைக்கும் எங்கப்பாவுக்கு யாரும் ஒரு மாலை போட்டதில்லம்மா. கொடியாவது ஒரு சுவர்ல இருக்கட்டும்."

"பழசை ஏம்பா கிளறணும்?" என்றார் பின்வரிசையில் ஒருவர்.

"உங்க ஊட்டுப் பழசுன்னா நீங்களே கிளறுவீங்க," என்றான் ராபின், லோகுவோடு வேலை செய்கிறவன்.

பஞ்சாயத்துத் தலைவி இளமதி கை தூக்கச் சொன்னார். கொடி ஜெயித்தது.

சந்திரகலா விரித்து வைத்திருந்த கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, மாட்டுங்க. அந்தக் கீழ்மூலையை மட்டும் உள்ளே மடிச்சுத் தைச்சிட்டு மாட்டுங்க."

"இன்னாத்துக்கு?" என்றான் லோகு.

அவர் எழுந்து கிளம்பினார்.

"தடுக்க முடியல. நாலு விரக்கடையாவது கொறைக்கலாம்னு பாக்குறாங்க," என்றான் ராபின். சபை சிரித்தது.

லோகு சிரிக்கவில்லை. "ஒரு நூல் அளவுகூட மடிக்க மாட்டேன்."

அங்கிருந்து செண்பகத்தின் இஸ்திரிக் கடைக்குப் போனான். அவள் தண்ணீர் தெளித்துப் பெட்டியை ஓட்டினாள். கீழ்மூலைக்கு வந்ததும் கை நின்றது.

"ஏது லோகு இந்தத் துணி?"

"அப்பாவோடது. ஏங்க்கா?"

"இதப் பாரு. ஒரு கோடு, அடியில மூணு புள்ளி. எங்க நைனா போட்ட குறி. வெளுக்கப் போட்ட துணி மாறிடக் கூடாதுன்னு, சேங்கொட்டை மையில ஊட்டுக்கு ஒண்ணா வச்சிருந்தாரு. எத்தினி தடவை வெளுத்தாலும் போவாது."

"இது யார் ஊட்டுக் குறி?"

செண்பகம் தயங்கினாள். "பெரிய ஊடு."

லோகு கொடியைச் சுருட்டிக்கொண்டு நடந்தான். அந்த வாசலில் ஏறும்போது அவன் முகம் செத்திருந்தது.

"அம்மா, எங்கப்பா இத உங்க ஊட்லேந்து திருடிக்கினு வந்தாரா? அத மறைக்கத்தான் மடிக்கச் சொன்னீங்களா?"

சந்திரகலா கொடியை வாங்கி மூலையைத் தடவினார்.

"உங்கப்பாவா திருடுவாரு? இது என்னோட சேலை. கொடிக்குத் துணி இல்லைன்னு தெரிஞ்சு நான்தான் குடுத்தனுப்பினேன். எங்க வீட்டுக்காரருக்குக் கடைசிவரை தெரியாது."

லோகு குனிந்து அந்தக் குறியைப் பார்த்தான்.

"அப்புறம் ஏம்மா வேணாம்னீங்க? நீங்க குடுத்ததுன்னு ஊருக்கே தெரியட்டுமே."

"தெரிஞ்சா, பெரிய வீட்டு அம்மா பாத்து வாங்கிக் குடுத்த கூலின்னு ஆக்கிடுவாங்க, லோகு. அது உங்கப்பா வாங்கின கூலி." நாற்காலியை அவன் பக்கம் நகர்த்தினார். "உக்காரு, ஊசி எடுத்துட்டு வரேன்."