மேலே யார் பெயர்?

"அப்ப எம் பையனுக்க பேரு, பொண்ணுக்க பேருக்குக் கீழதான் வரும். அப்படித்தானவேய்?"

சிவதாணு கேட்டதும், பூதலிங்கம் கையிலிருந்த காப்பி டம்ளரை மேஜைமேல் வைத்தார். பெண்ணைப் பெற்றவர். தாழக்குடியிலிருந்து கல்யாண நாள் குறிக்க வந்திருந்தார். ஜாதகம் பொருந்தி, பெண்ணும் பையனும் வீடியோவில் பேசிப் பிடித்துப்போய், எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் இந்த விசா விண்ணப்பம் குறுக்கே வந்து நின்றது.

"ஆமா அண்ணாச்சி. ஆர்த்திகா ஆஸ்திரேலியாவுல ரிஜிஸ்டர்ட் நர்ஸ். இப்ப இருக்கது ஒர்க் விசா. ஆஸ்பத்திரிக்காரனே எழுதிக் குடுத்து, பி.ஆருக்குப் போடச் சொல்லுகான். கிடைச்சா காலம் முழுக்க அங்கேயே இருக்கலாம். அடுத்த மாசம் போடணும். அதுக்குள்ள கல்யாணத்தைப் பதிஞ்சா, மாப்பிள்ளை பேரையும் சேத்துரலாம்."

"சேத்துரலாம். அவளை அண்டி நிக்கவன்னு எழுதி."

பூதலிங்கம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிவதாணுவுக்கு எழுபது வயது. குடும்பத்துக்கு ஒரு சொல் வரக்கூடாது என்பதில் கறாரானவர். பந்தியில் இலை மாற்றிப் போட்டதற்காக ஒரு கல்யாண வீட்டிலிருந்து சாப்பிடாமல் எழுந்து வந்தவர். அப்படிப்பட்டவரிடம் இந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்று பூதலிங்கம் மூன்று நாள் யோசித்திருந்தார்.

"எம் பையனுக்குத் துபாயில சொந்த விசா இருக்குவேய். அவனுக்க பேருல, அவனுக்க ஜோலிக்கு."

"ரெண்டு வருஷத்துக்கு ஒருக்க புதுக்கணும் அண்ணாச்சி. கம்பெனி போச்சுன்னா விசாவும் போச்சு. பி.ஆர். அப்படி இல்ல. ஒருத்தனும் வெளிய போன்னு சொல்லமாட்டான். நீங்க மஸ்கட்டுல எட்டு வருஷம் இருந்தவரு. உங்களுக்கு நான் சொல்லணுமா?"

"மஸ்கட்டை விடும்," என்றார் சிவதாணு. முகம் இறுகிவிட்டது.

லீவில் வந்திருந்த மகன் ஹரிகுமார் கதவோரம் நின்றிருந்தான்.

"ஏலே, இங்க வா. அவ நைட் டூட்டிக்குப் போவா. நீ வீட்டுல என்ன செய்வ?"

"சோறு பொங்குவேன்பா. ஜோலி கிடைக்கது வரைக்கும்."

"ஊர்க்காரன் போன் போட்டு, உனக்கு அங்க என்ன ஜோலிலேன்னு கேப்பான்."

"சோறு பொங்குகேன்னு சொல்லுவேன்."

பூதலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. இருமி மறைத்துக்கொண்டார்.

"சிரிப்பாத்தான் இருக்கும். மூணு மாசம் கழியட்டும். ஆர்த்திகாவுக்க மாப்பிள்ளைன்னுதான் உன்னைக் கூப்பிடுவானுவ. உனக்குன்னு ஒரு பேரு இருக்காது. அவளுக்க கூட்டாளிமாரு வந்தா, எங்க உக்காரன்னு தெரியாம நிப்ப. அவ சம்பளத்துல ஒரு சட்டை எடுக்கதுக்குக் கை கூசும். அவ நல்லதாவே ஒரு வார்த்தை சொன்னாலும் குத்துகது மாதிரி இருக்கும். தாங்குவியா?"

அப்பா இவ்வளவு நீளமாகப் பேசி ஹரிகுமார் கேட்டதில்லை.

"தாங்குவேன்."

"எந்தத் தைரியத்துல சொல்லுக?"

"அவ அங்க போன கதை உங்களுக்குத் தெரியாதுப்பா. இங்கிலீஷ் பரீட்சையே மூணு தடவை எழுதினா. இங்க நாலு வருஷம் படிச்ச படிப்பு போதாதுன்னு, நர்ஸா பேரு பதியதுக்கு அங்க வேற பரீட்சை. பகல்ல முதியோர் இல்லத்துல கிழவங்களைக் குளிப்பாட்டிட்டு, வந்து உக்காந்து படிச்சிருக்கா. இப்ப அவளுக்க ஜோலியைப் பாத்து, நீ இங்கயே இருன்னு அவனுவளே சொல்லுகானுவ. என்னை எந்த நாட்டுக்காரன் அப்படிச் சொன்னான்? அவளுக்க பேருக்குக் கீழ நிக்கதுல எனக்கு ஒரு குறைச்சலும் இல்ல."

"அப்ப குடும்ப மானம்?"

ஹரிகுமார் அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அடுக்களை வாசலில் நின்ற அவன் அம்மா வடிவாம்பாள் தரையைப் பார்த்தாள். சிவதாணு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பூதலிங்கம் எழுந்துவிட்டார்.

"போதும் அண்ணாச்சி. விசா அந்த நாட்டுக்காரன் குடுக்கது. நர்ஸுங்கிற பேரு எம் பொண்ணு பரீட்சை எழுதி வாங்கினது. அதை ஒருத்தருக்காகவும் கீழ இறக்கி எழுதச் சொல்லமாட்டேன். இந்தச் சம்பந்தம் உங்களுக்குக் குறைச்சல்னா, இத்தோட விட்டுருவோம். நான் வாறேன்."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். ஹரிகுமார் வாசல் வரை பின்னால் போனான்.

"இரும்வேய்! குறைச்சல்னு யாரு சொன்னா?" சிவதாணுவின் குரல் உள்ளேயிருந்து வந்தது. "அடுத்த வெள்ளிக்கிழமை நாள் நல்லாருக்கு. பதிஞ்சிருவோம். அவளுக்க பேரே மேல இருக்கட்டும்."

பூதலிங்கம் திரும்பி வந்தார். கோபம் இன்னும் அடங்கவில்லை.

"பின்ன என்னத்துக்கு அண்ணாச்சி பையனை இந்த விரட்டு விரட்டினீங்க?"

"அவன் தாங்குவானான்னு எனக்குத் தெரியணும்லா?"

சிவதாணு அடுக்களை வாசல் பக்கம் திரும்பினார். பிறகு, "நான் தாங்கலவேய்," என்றார். "இவன் பிறக்கதுக்கு முன்னால மஸ்கட்டுல நர்ஸா இருந்தவ இந்த வடிவாம்பா. அந்த எட்டு வருஷமும் நான் இவளுக்க விசாவுலதான் இருந்தேன். ஊருக்கு வந்து, நான்தான் இவளைக் கூட்டிட்டுப் போனேன்னு எல்லார்கிட்டயும் சொல்லி, இவளுக்க வெள்ளை உடுப்பைப் பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினவனும் நான்தான்!"