கத்தாத லிஸ்ட்

"இந்த மேஜை விளக்கை நீங்களே வச்சுக்குங்க. வீட்ல இடமில்ல" என்றபடி அட்டைப்பெட்டியை மூடினார் கறாரம்மா.

லிஸ்ட்காரர் விளக்கை வாங்கிக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

கறாரம்மா, லிஸ்ட்காரர் இரண்டுமே அலுவலகம் வைத்த பட்டப்பெயர்கள். கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுத ஒரு மொழியை உருவாக்கிப் பராமரிக்கும் கம்பெனி அது. அந்த மொழியில் எழுதுகிற எல்லோருக்கும் தேவைப்படும் அடிப்படைக் கருவிகளை இவர்கள் இருவரும்தான் வடிவமைத்தார்கள். எதையும் வரிசையாக அடுக்கி வைக்கும் லிஸ்ட், லிஸ்ட்காரருடையது. பெயரைச் சொன்னால் அதற்குரியதை எடுத்துக் கொடுக்கும் மேப், கறாரம்மாவுடையது. இல்லாத பெயரைக் கேட்டால் மேப் அங்கேயே நின்று கத்தும். லிஸ்ட்டோ எது நடந்தாலும் வாயைத் திறக்காது.

நேற்றுக் காலை பதினோரு பேருக்கு வேலை போனது. அதில் கறாரம்மாவும் ஒருவர்.

"மனசே ஆறல. என்னை வச்சிட்டு உங்களை அனுப்பறாங்கன்னா..."

"உங்க லிஸ்ட்டை உலகமே பயன்படுத்துது. உங்களை விடுவாங்களா?"

லிஸ்ட்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பதினோரு பேரில் தன் பெயர் இல்லை என்று தெரிந்ததும் அவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டதும் அதேதான்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ஏழு வருஷமா லிஸ்ட்ல ஒரு தப்பு இருக்குன்னு சொல்லிட்டே இருந்தீங்க. நான்தான் வீம்புக்கு ஒத்துக்கல."

தப்பு சின்னதுதான். வரிசையில் நிற்பவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு போகிறோம். நடுவில் ஒருவரை வெளியே எடுத்தால், பின்னால் நிற்பவர் அந்தக் காலி இடத்துக்கு நகர்ந்துவிடுவார். நாமோ அடுத்த இடத்துக்குப் போய்விடுவோம். நகர்ந்து வந்தவரை நாம் பார்த்திருக்கவே மாட்டோம். அப்படி ஆனால் லிஸ்ட் அங்கேயே நின்று கத்த வேண்டும் என்பது கறாரம்மாவின் கட்சி. எழுதுகிறவர்கள் ஜாக்கிரதையாக எழுதிக்கொள்ளட்டும், வேகம் குறையக் கூடாது என்பது லிஸ்ட்காரரின் கட்சி. ஒருமுறை கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், "உங்களுக்கு எதையாவது பார்த்துக் கத்திட்டே இருக்கணும்" என்று சொல்லிவிட்டார். அறையே சிரித்தது. அதன் பிறகு கறாரம்மா ஒரு வருஷம் அவருடன் சாப்பிட உட்காரவில்லை.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது."

"அதை எப்பவோ மறந்தாச்சு. விடுங்க."

"என்னால மறக்க முடியல. காலையில உட்கார்ந்து மாத்தி எழுதிட்டேன். இனிமே லிஸ்ட்டும் கத்தும். ஒரு பட்டனைத் தட்டினா போதும், எல்லாருக்கும் போயிடும். கூடப் போற குறிப்புல, தப்பைக் கண்டுபிடிச்சவங்கன்னு உங்க பேரைப் போட்டிருக்கேன். நீங்க கிளம்பறதுக்குள்ள..."

கறாரம்மாவின் முகம் மாறியது.

"இப்ப வேண்டாம்."

"ஏன்?"

"அண்ணிக்கு ஆபரேஷன் எப்போ?" லிஸ்ட்காரரின் மனைவியை அவர் அண்ணி என்றுதான் சொல்வார்.

"வர்ற இருபதாம் தேதி. கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கு, பயமில்ல. ஆனா அதுக்கும் இதுக்கும்..."

"அண்ணி எழுந்து நடக்கட்டும். மூணு மாசம் கழிச்சு மாத்துங்க. இப்ப மாத்தினா ஆளாளுக்குப் பழைய புரோகிராமையெல்லாம் எடுத்து ஓட்டிப் பார்ப்பாங்க. நீங்க ஆஸ்பத்திரிக்கு அலைவீங்களா, அவங்களுக்குப் பதில் சொல்வீங்களா?"

லிஸ்ட்காரருக்குச் சுருக்கென்றது. கோபம் இன்னும் தீரவில்லை, தன் கையால் வருகிற மரியாதைகூட வேண்டாம் என்கிறார் என்று பட்டது. கேட்டு வாங்கிக்கொண்டதுதானே என்று நினைத்தார்.

"இத்தனை வருஷத்துல உங்ககிட்ட எதுவும் கேட்டதில்ல. இது ஒண்ணு செய்வீங்களா?"

"சரி" என்றார் சுரத்தில்லாமல்.

லிப்ட் வரைக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். "அண்ணியைக் கேட்டதாச் சொல்லுங்க" என்ற குரலோடு கதவு மூடிக்கொண்டது.

திரும்பி வந்தபோது, பணியாளர் பிரிவு அதிகாரி கறாரம்மாவின் கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தார். லிஸ்ட்காரருக்கு அடக்க முடியவில்லை.

"சார், அவங்களை அனுப்பிட்டு என்னை எந்த நியாயத்துல வச்சிருக்கீங்க? திறமையில எனக்கு ஒரு படி மேல அவங்க. எழுதித் தரச் சொன்னா எழுதியே தர்றேன்."

அதிகாரி வயரைச் சுருட்டிக்கொண்டே பேசினார். "ஆள் பார்த்து யாரையும் எடுக்கல சார். ஒரே விதிதான். முதல்நிலை வடிவமைப்பாளர் அத்தனை பேரும் போகணும். பணியாளர் எண் வரிசையில ஒவ்வொரு பேராப் பார்த்து, விதிக்குள்ள வர்றவங்களை நீக்கிட்டே போற மாதிரி ஒரு சின்ன புரோகிராம். உங்க லிஸ்ட்டை வச்சுத்தான் எழுதினோம்."

"அது சரியா இருக்கான்னு யாராவது பார்த்தாங்களா?"

"அவங்களேதான் பார்த்தாங்க. விதியைப் படிச்சதுமே தன் வேலை போகுதுன்னு புரிஞ்சிருக்கும், பாவம். ஒரு நாள் முழுக்க வச்சிருந்து, 'தவறு எதுவும் இல்லை'ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாங்க."

"கறாரம்மாவா? தவறு இல்லைன்னு சொன்னாங்களா?"

"ஆமா சார். உங்க பேர் வரலைன்னா நீங்க வேற நிலையில இருப்பீங்க. அவ்வளவுதான்."

லிஸ்ட்காரர் வாயைத் திறக்கவில்லை. அவரும் முதல்நிலை வடிவமைப்பாளர்தான். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரே நாளில், ஒருவர் பின் ஒருவராகக் கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்தார்கள். கறாரம்மாவின் பணியாளர் எண் நாற்பத்தொன்று, அவருடையது நாற்பத்திரண்டு.