செவ்வாய்க்கிழமைப் படம்

"டெஸ்ட்ட நிறுத்துங்கண்ணே."

வேலையில் சேர்ந்த அன்றே ரட்டிகானிடம் சொல்லியிருந்தார்கள். கார் கம்பெனிக்காரர்கள் வந்து உட்கார்ந்த பிறகு அந்த வார்த்தை மட்டும் வாயில் வரக்கூடாது என்று. இன்று அவளே சொல்லிவிட்டாள்.

தாய்லாந்தின் சோன்புரி வாகனப் புகைச் சோதனைக்கூடத்தின் தலைமை என்ஜினியர் சொம்யோத் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தினமும் காலையில், அதிகாரிகளும் இருக்கும் கைபேசிக் குழுவுக்கு வாழ்த்துப் படம் அனுப்பாவிட்டால் அவருக்கு வேலை ஓடாது. இன்று காலை அவரே எடுத்த படத்தில், செவ்வாய்க்கிழமைக்குரிய இளஞ்சிவப்புப் பூக்களுக்கு நடுவே, சோதனைக் காரின் பானெட்டில் வயிற்றைப் பரப்பித் தூங்கியது கூடத்துப் பூனை தொங். மற்ற நாட்களில் காவலாளியின் சூடான சோற்றுக் குக்கரைக் கட்டிக்கொண்டு கிடக்கும்.

"பாத்தியா, மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியம்மாவே இதயம் போட்டிருக்காங்க. நீ என்னமோ சொன்னியே?"

"வண்டி ஆறல. காலைல யாருக்கும் தெரியாம நீங்க இன்ஜின ஓட்டிச் சூடாக்கியிருக்கீங்க."

சோதனைக்கு முந்தைய இரவு முழுக்கக் காரை ஆறவிட வேண்டும். காலையில் ஸ்டார்ட் செய்யாமல் கையால் தள்ளிவந்து சோதனை உருளைமேல் ஏற்ற வேண்டும். புகையிலுள்ள விஷத்தை முறிக்கும் கன்வெர்ட்டர் ஆறிக் கிடந்தால் வேலை செய்யாது. அதை இருபதே நொடியில் சூடாக்கும் கட்டுப்பாட்டு நிரலை எழுதியவர் சொம்யோத். அது சூடாக்கவில்லை. மூன்று முறை அளந்து பார்த்தவள் ரட்டிகான்.

சொம்யோத் ஒரு தாளை அவள் முன் விசிறினார். "ராத்திரி பூரா இருபத்தி மூணு டிகிரி. மெஷின் எழுதியிருக்கு. படிக்கத் தெரியும்ல?"

"அந்தத் தாளு அறையோட சூட்டத்தான் சொல்லுது. இன்ஜினச் சொல்லல."

"ஆதாரம் இருக்கா?"

அவள் பார்வை அவருடைய கைபேசித் திரையில் போய் நின்றது.

"வடகிழக்கு ஈசான் சீமைலேருந்து வந்து நாலு வருஷமாச்சு, மேல இன்னும் ஊறப்போட்ட மீன் வாடை போகல. உங்க வம்சத்துலயே டிகிரி வாங்குனது நீ ஒருத்தி. அதையும் கெடுத்துக்காத, தங்கச்சி. டெஸ்ட் சரின்னு கையெழுத்தப் போடு, இல்ல அடையாள அட்டையக் கழட்டி வச்சிட்டுப் போ."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கம்பெனிக்காரர்கள் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையெழுத்துப் போட்டால் நாற்பதாயிரம் கார்கள் தெருவுக்கு வரும். தினமும் காலையில், பள்ளிக்கூட வாசல்களில், ஆறிய கன்வெர்ட்டரோடு கிளம்பும்.

ரட்டிகான் கைபேசியை எடுத்து ஏதோ தட்டினாள்.

"யாருக்கு, அப்பாவுக்கா? எரும மேய்க்க ஆளு வருதுன்னு சொல்லு." சொம்யோத் கண்ணாடிப் பக்கம் பார்த்துச் சிரித்தார்.

அவள் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றி அந்தத் தாள்மேல் வைத்தாள். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

மேசைமேல் சொம்யோத்தின் கைபேசி ஒரு முறை மணியடித்தது. உடனே இன்னொரு முறை. பிறகு நிற்காமல் அடித்தது.

"யாருடி அது, இத்தனை பேரு?"

அவள் திரும்பிப் பார்க்காமலே வெளியே காலை வைத்தாள்.

"உங்க படத்துக்குக் கீழதான் எழுதினேன், அண்ணே. ராத்திரி பூரா ஆறுன வண்டி மேல பூனை படுக்காதுன்னு."