சோதனைத் தகடு

சனிக்கிழமை காலை, கடை திறந்த கையோடு கோதண்டபாணி மனைவி செண்பகத்துடன் வந்துவிட்டார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அவரே ஓட்டும் வேனில் அடித்தகடு துருப்பிடித்திருந்தது. அதையும் வீட்டு கேட்டையும் தானே ஒட்டிக்கொள்ள ஒரு மிக் வெல்டிங் மெஷின் வேண்டும்.

"முதல் மெஷினா? ஒட்டிப் பாத்தே எடுங்கண்ணே" என்று கடைக்காரர் ஒரு மெல்லிய தகட்டை வைத்தார்.

கோதண்டபாணி முகமூடியை இறக்கிக்கொண்டு ஒட்டினார். தகடு ஓட்டையானது. கரண்டைக் குறைத்தும் ஓட்டைதான். "இது சரியில்ல, அந்த மெஷினக் குடுங்க" என்றார். அதிலும் ஓட்டை.

"சல்லடை செய்யவா மெஷின் வாங்குறோம்?" என்று செண்பகம் சிரித்தாள்.

கடைக்காரர் அதே மெஷினில் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். தையல்போல நேராக விழுந்தது. வெல்டிங் டார்ச்சைத் திரும்ப வாங்கிய கோதண்டபாணி விசையை இன்னும் அழுத்தவில்லை. ஆனாலும் டார்ச் முனையில் நீட்டியிருந்த வயர் தகட்டில் தட்டிக்கொண்டே இருந்தது. செண்பகத்தின் சிரிப்பு நின்றது. கோதண்டபாணி மறு கையால் மணிக்கட்டைப் பிடித்தார். இரண்டு கைகளும் சேர்ந்து நடுங்கின.

"அடுத்த மெஷினக் காட்டுங்க தம்பி" என்றார், முகமூடியைத் தூக்காமல்.

செண்பகம் அருகில் வந்து மெதுவாகக் கேட்டாள்:

"திங்கக்கிழமை வண்டிய யாருங்க எடுக்கிறது?"