அட்டை மேலே, பாஸ்போர்ட் கீழே

"பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டு. அட்டை பைக்குள்ளயே கிடக்கட்டும். ரெண்டையும் காட்டினா ரெண்டு மடங்கு கேள்வி கேப்பான்."

அக்ரோன் மனைவியின் காதில்தான் சொன்னான். ஆனால் கட்டட வேலையில் கத்திப் பழகிய தொண்டை. முன்னால் நின்ற பொம்பளை திரும்பிப் பார்த்தாள்.

அல்பேனியாவின் துர்ரஸிலிருந்து வந்த கப்பல் காலையில்தான் இத்தாலியின் பாரி துறைமுகத்தில் ஆட்களை இறக்கியிருந்தது. பாஸ்போர்ட் கவுண்டரில் அல்பேனியர்களின் வரிசை வாசல் வரை நின்றது.

மிமோசா பைக்குள் அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் கிரீஸுக்கு ஆலிவ் பறிக்கப் போனவள், நாள் தாண்டித் தங்கிவிட்டாள். ஐந்து வருஷத்துக்கு வரக்கூடாது என்று தடை போட்டார்கள். ஐரோப்பாவில் ஒரு நாடு போட்டால், ஒரே விசாவில் சேர்ந்த இருபத்தொன்பது நாட்டுக்கும் போட்ட மாதிரி. அப்புறம் அக்ரோனைக் கட்டிக்கொண்டு, இத்தாலி கொடுத்த குடியிருப்பு அட்டையோடு பாரியில் வாழ்கிறாள். அம்மா இறந்ததற்கு ஊருக்குப் போனதுதான் முதல் பயணம்.

இரண்டு வயது மகள் யோனா இங்கே நாத்தனார் வீட்டில் இருக்கிறாள். திருப்பி அனுப்பிவிட்டால் குழந்தை கதி?

"தடையைப் பத்திக் கேட்டா என்ன சொல்ல?"

"மூச்சு விடாத. நம்ம ஊர்க்காரங்க நாலு பேர் நிக்கறாங்க. மானம் கப்பலேறிடும்."

கப்பலை விட்டு இறங்கியாயிற்று என்பது அவனுக்கு நினைவில்லை.

திடீரென்று முன்னால் நின்ற பொம்பளை, தனக்கு முன்னால் இருந்த பெரியவரிடம் ஆரம்பித்தாள்.

"என் மேல தடை இருக்கு பெரியவரே!"

மகளுக்குக் கல்யாணம் என்பது போல அத்தனை பெருமையாகச் சொன்னாள். வரிசையே திரும்பியது.

"கிரீஸ்காரன் போட்டது. அதுக்காக ஒளிஞ்சுக்குவேனா? போன தடவை ஒருத்தி பாஸ்போர்ட்டை மட்டும் நீட்டினா. அதே கப்பல்ல திருப்பி ஏத்திட்டான். வெறும் பாஸ்போர்ட்னா ஊர் சுத்திப் பார்க்க வந்தவ. தடை இருக்கறவளை ஊர் சுத்த விடுவானா? அட்டை மேல, பாஸ்போர்ட் கீழ, அப்பிடித்தான் நீட்டணும். தடை இருக்கேன்னு கேப்பான். ஆமா இருக்கு, ஆனா இந்த அட்டை உங்க நாடு கொடுத்தது, நான் ஊர் பார்க்க வரல, வீட்டுக்குப் போறேன்னு கண்ணைப் பார்த்துச் சொல்லணும்."

பெரியவர் மெல்ல நகர்ந்துகொண்டார்.

"இவளை மாதிரி ஆளுங்களாலதான் நம்மளையும் திருடன் மாதிரி பாக்கறான்" என்றது ஒரு குரல்.

அக்ரோனுக்கு வசதியாகப் போயிற்று. ஊர்க்காரர்களுக்குக் கேட்கும்படியே சொன்னான். "தடையை வெச்சுக்கிட்டுத் தம்பட்டம் வேற! வாய் மட்டும் இல்லேன்னா இவளை நாய் தூக்கிட்டுப் போயிடும்."

நாலு பேர் சிரித்தார்கள். மிமோசாவுக்கு அவமானமாக இருந்தது, யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

அந்தப் பொம்பளையும் சிரித்தாள். "தூக்கிட்டுப் போற நாய்க்கும் அட்டை வேணும் தம்பி!"

அதோடு விட்டாளா? அட்டை மேல, பாஸ்போர்ட் கீழ என்று பின்னும் இரண்டு தடவை ஒப்பித்தாள். கவுண்டர் நெருங்கியதும் ஒதுங்கி நின்றாள். "நீ முன்னால போம்மா. என் சமாச்சாரம் இழுக்கும்."

மிமோசா கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அக்ரோன் முழங்கையால் இடித்தான். அவள் பைக்குள் கைவிட்டு அட்டையை எடுத்தாள். பாஸ்போர்ட்டின் மேல் வைத்து நீட்டினாள்.

அதிகாரி திரையைப் பார்த்தார். புருவம் ஏறியது.

"உங்க மேல கிரீஸோட தடை இருக்கே?"

அக்ரோன் தரையைப் பார்த்தான்.

"இருக்கு சார். ஆனா இந்த அட்டை உங்க நாடு கொடுத்தது. நான் ஊர் பார்க்க வரல. வீட்டுக்குப் போறேன். என் பொண்ணு இங்கதான் இருக்கா."

குரல் நடுங்கவில்லை. அவளுக்கே ஆச்சரியம்.

அவர் யாருக்கோ போன் செய்தார். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு இரண்டையும் அவள் பக்கம் தள்ளினார்.

"போங்கம்மா, வீட்டுக்கு."

இந்தப் பக்கம் வந்ததும் அக்ரோனுக்கு உயிர் வந்தது, கூடவே பேச்சும். "பாத்தியா? நான் சொன்ன மாதிரியே தைரியமா நின்ன!"

"நீ சொன்ன மாதிரியா?"

அவன் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கப் பார்த்தான்.

"அந்த அக்கா என்ன ஆனாங்கன்னு பார்த்துட்டுப் போவோம். அவங்க தயவுலதான் வந்திருக்கேன். அவங்களை நிறுத்திட்டா ஏதாவது உதவணும்" என்றாள் மிமோசா.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அந்த வரிசையில் இல்லை. ஈ காக்கை இல்லாத பக்கத்துக் கவுண்டருக்கு நடந்துகொண்டிருந்தாள். அங்கிருந்தவர் அவள் பாஸ்போர்ட்டைத் திறந்தார், மூடினார், சிரித்துக் கையசைத்தார். கவுண்டரின் தலைக்கு மேல் பலகை: 'ஐரோப்பியக் குடிமக்களுக்கு மட்டும்.'

ஐரோப்பியக் குடிமகளுக்கு ஏது தடை? அரை மணி நேரமாக ஊர்ச் சிரிப்பையும் சேர்த்து அவள் சுமந்து நின்றது மிமோசாவின் தடையை.