தேய்பிறைக்குக் காத்திருக்கும் பல்

மலாவி ஏரிக்கு மேலே முழுநிலா எழுகிறது. நிலா வெளிச்சத்தில் படகு விளக்கைத் தேடி மீன் திரளாது என்பதால் படகுகள் எல்லாம் மணலில் கிடக்கின்றன. காற்று அசையாத புழுக்கத்தில் ஆண்கள் கரையில் உட்கார்ந்து கதை பேசுகிறார்கள். வாட்சனுக்கு மட்டும் பேச்சு குழறுகிறது. கடைவாய்ப் பல்லில் தொடங்கிய வீக்கம் தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு இறங்கிவிட்டது. அங்கே தோல் பளபளவென்று இழுபட்டிருக்கிறது. அவன் மனைவி எலூபே சோளக்கஞ்சியை நீட்டுகிறாள். "கரை முனைக்கு அந்தாண்ட இருக்குற ஆஸ்பத்திரிக்குப் படகுல போலாம், எந்திரிய்யா." "நிலா தேயட்டும். இப்பப் பிடுங்குனா ரத்தம் நிக்காது." "அமாவாசைக்குக் கேட்டா மீன் வர்ற நேரம்னே. இப்ப நிலாங்கிற. உன் பல்லுக்கு எந்த ராத்திரிதான்யா தோது?" "விடு எலூபே, மாப்பிள்ளைக்கு ஊசின்னா பயம்," என்கிறான் அவள் அண்ணன் யோஹானே. எல்லோரும் சிரிக்கிறார்கள். வாட்சனும் சிரிக்கப் பார்க்கிறான். வாய் ஒரு விரல் நுழையும் அளவுக்குமேல் திறக்கவில்லை. உறிஞ்சிய கஞ்சி தொண்டைக்குள் இறங்காமல் மோவாயில் வழிகிறது. அவன் மூச்சில் சன்னமான ஒரு கரகரப்பை எலூபே கேட்கிறாள். கிண்ணத்தை மணலில் வைத்துவிட்டு எழுகிறாள். "அண்ணே, படகைத் தள்ளு." சிரிப்பு ஓய்கிறது. ஓய்ந்த பிறகுதான் அந்தக் கரகரப்பு மற்றவர்களுக்கும் கேட்கிறது.