தலைமாட்டுச் செடி

கல்லறைத் திருநாள் காலை. மெட்டில்டா மகனின் கல்லறைக்கு வெள்ளையடித்து முடித்திருக்கிறாள். ஈரச் சுண்ணாம்பில் வெயில் கண்ணைக் கூசுகிறது. பிடுங்கிப் போட்ட களைக் குவியலின் முன்னால் மருமகள் பிளாரன்ஸ் ஸ்பிரிட் குப்பியும் கையுமாக நிற்கிறாள். குவியலின் மேலேயே கிடக்கிறது அந்தக் காட்டுப் புகையிலைச் செடி, மொட்டும் வேருமாக. இலையையும் பூவையும் குரோமோசோமையும் ஒப்பிட்டு, எந்தக் காட்டுப் புகையிலை எதற்கு உறவு என்று கண்டறிவது பிளாரன்ஸின் ஆராய்ச்சி. அதற்காகக் கப்பலில் வேலைபார்த்த கணவன் இனிகோ ஏதோ ஒரு துறைமுகத்திலிருந்து தீப்பெட்டியில் விதை கொண்டுவந்தான். மிஞ்சிய விதைகளை அவனைப் புதைத்தபின் இந்தத் தலைமாட்டில்தான் தூவினாள். முளைத்தது இது ஒன்றுதான். “களைன்னுல்லா நெனச்சேன். ஏளா, இது அவன் கொண்டாந்ததா?” என்கிறாள் மெட்டில்டா. “ஆமா மாமி.” கிழவி விரலாலேயே மண்ணைப் பறித்துச் செடியை நடுகிறாள், கல்லறையில் தெளிக்க வைத்திருந்த தீர்த்தம் முழுவதையும் வேரில் ஊற்றுகிறாள். இலைகள் துவண்டு அவள் மணிக்கட்டில் சாய்கின்றன. மொட்டுகளை இப்போதே கிள்ளி ஸ்பிரிட்டில் போட்டால்தான் குரோமோசோமாவது மிஞ்சும். புதுத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதுகிறது. “பொழச்சிரும்ளா, வேரு அறுபடல” என்றபடி மெட்டில்டா முந்தானையை விரித்துச் செடிக்கு நிழல் பிடிக்கிறாள். பிழைக்காது என்று பிளாரன்ஸுக்குத் தெரியும். குப்பியை மூடிக் கீழே வைத்துவிட்டு, முந்தானையின் மறுமுனையைப் பிடித்துக்கொள்கிறாள்.